அப்பா அம்மா ஆறு நாள் வருகிறார்கள், சிங்கப்பூரில் எங்கே கூட்டிப் போவது?

மே 17, கேள்வி

அண்ணன்மார்களே, ஜூன் மாதம் ஜெயங்கொண்டத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு முட்டி வலி. நான் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. தங்கியிருக்கும் உட்லண்ட்ஸும் வேலை பார்க்கும் துவாஸும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று விடாமல் காட்டிவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து இடம் வீதம் முப்பது இடத்துக்குப் பட்டியல் போட்டுத் தாருங்கள்.

மே 17, இரவு 11.10

முப்பது இடமா? அப்பா அம்மாவைச் சுற்றிக் காட்டப் போகிறீர்களா, பார்சல் போடப் போகிறீர்களா?

ஒரு நாளைக்கு இரண்டு போதும் தம்பி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் வீடு, சோறு, தூக்கம். பதினோரு மணிக்கு மேல் நாலு மணி வரை இந்த ஊர் வெயிலில் நிற்பது நமக்கே ஆகாது. ஏர்கான் வேலைக்கு வந்து எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. பெற்றவர்கள், மாமனார் மாமியார், பெரியப்பா, ஊர்க்காரர்கள் என்று ஏழெட்டு செட் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அந்தத் திமிரில் சொல்கிறேன்.

வேண்டாதவை: மெர்லயன் சிலை, ஃபிளையர் ராட்டினம், செந்தோசா தீவு. கட்டாயம் போக வேண்டியவை: பூமலை, தேக்கா (லிட்டில் இந்தியா), சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், ஜூரோங் பறவைப் பூங்கா. பூமலை காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும், காசும் கிடையாது. ஊர்ப் பழக்கத்தில் அப்பா ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்திருப்பார். பத்து மணிக்குக் கடை திறக்கும் ஊரில் அவரை எங்கே கொண்டுபோய் விடுவது? அதற்குத்தான் பூமலை.

மே 18, காலை

மூன்று பேர் தலையில் குட்டிவிட்டார்கள். ஜூரோங் பறவைப் பூங்காவை 2023 ஜனவரியிலேயே மூடிவிட்டார்களாம். 1971இல் திறந்தது. பறவைகளை மண்டாய்க்குக் கொண்டுபோய் அதே ஆண்டு மே மாதம் 'பேர்ட் பாரடைஸ்' என்று திறந்தாயிற்று. நான் இருப்பது ஈசூன், மண்டாய் எனக்குக் கூப்பிடு தூரம். தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பது வருஷத் திமிர் ஒரே ராத்திரியில் போயே போச்சு.

மண்டாயில் இருக்கும் விலங்குப் பூங்காக்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முட்டி வலி இருப்பதால் இரவுநேர சஃபாரி. 1994இல் திறந்தார்கள், உலகத்தில் இந்த மாதிரி முதலில் வந்தது இதுதான். டிராமில் உட்கார்ந்தே பாதிக்கு மேல் பார்த்துவிடலாம், வெயிலும் கிடையாது. காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பேருந்து இருக்கிறது. ஆனால் எங்கள் அம்மா டிராம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். ஊருக்குப் போய் என்ன சொன்னாராம் தெரியுமா? "இருட்டுல மாடு மாதிரி ஏதோ நின்னுச்சு. அதுக்கு இவன் அவ்வளவு காசு குடுத்தான்."

மே 18, மதியம்

தம்பி கேட்டிருக்கிறார்: "பூமலை எந்த மலை அண்ணே? மேப்பில் வரவில்லையே?" மலை எல்லாம் இல்லை. பொட்டானிக் கார்டன்ஸ்தான். இந்த ஊர்த் தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள், வானொலியிலும் கேட்கலாம். எம்ஆர்டி நிலையம் வாசலிலேயே இருக்கிறது.

மே 20

வேலை முடிந்து கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். 'ஒரே நாளில் சிங்கப்பூர்' பேருந்தில் ஏற்றிவிட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாமனார் மாமியாரை அப்படி ஏற்றிவிட்டவன் நான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒன்பது இடம், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம். அதில் பத்து நிமிடம் கழிப்பறை வரிசை. ஆனால் ஒரு நகைக்கடையில் மட்டும் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். மாமியார் எண்ணெய் டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு ஆறரை மணிக்கு வந்து இறங்கினார். எங்கே எல்லாம் போனீர்கள் என்று கேட்டேன். "பஸ்லதான் இருந்தோம்" என்றார். மாமனார் ஒன்றுமே சொல்லவில்லை. இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

மே 23

என் முதல் பதிலையே திருத்த வேண்டியிருக்கிறது. அப்பா ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார் என்று எழுதினேன் அல்லவா? கணக்கு தப்பு. ஊர் ஐந்து மணி என்றால் இங்கே ஏழரை. ஆறு நாளில் உடம்புக் கடிகாரம் மாறாது. எங்கள் அப்பா வந்தபோது முதல் நாள் ஏழரைக்கு எழுந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏழரை வரைக்கும் தூங்கிட்டேனே, ஜுரம் வருதோ" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்னொன்று, இந்த ஊரில் வருஷம் முழுக்கப் பொழுது விடிவதே ஏழு மணி வாக்கில்தான். ஐந்து மணிக்குப் பூமலைக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்கலாம். எட்டு மணிக்குப் போங்கள், பனி ஈரம் இருக்கும்.

பூமலையில் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். மற்றதெல்லாம் சும்மா. 1859இல் தொடங்கிய இடம், 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் அப்பாவிடம் யுனெஸ்கோ என்று ஆரம்பிக்காதீர்கள். பால்மரக் கதையைச் சொல்லுங்கள். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் இங்கே வந்தன. 1888இல் பொறுப்புக்கு வந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர் மரத்தைச் சாகடிக்காமல் பட்டையில் சாய்வாகக் கீறிப் பால் எடுக்கும் முறையைச் செய்து காட்டினார். பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பர் நடு, ரப்பர் நடு என்று நச்சரித்ததால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர். அந்தப் பைத்தியம் பலித்ததால்தான் தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கப்பல் கப்பலாகப் பால்மரம் வெட்ட ஆள் ஏற்றினார்கள். உங்கள் ஊரிலும் 'மலாயாக்காரர் வீடு' என்று ஒன்று இருக்குமே, விசாரியுங்கள்.

மே 24

கரையோரப் பூந்தோட்டம் (கார்டன்ஸ் பை த பே) வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு. தொழில்காரன் கண்ணால் பார்ப்பேன்.

2012இல் திறந்தது. இரண்டு கண்ணாடிக் கூடாரம். உள்ளே போனதும் எல்லோரும் மேலே பூவைப் பார்ப்பார்கள், நான் கீழே தரையைப் பார்ப்பேன். தரைக்குள்ளேயே குளிர்ந்த நீர்க் குழாய் ஓடுகிறது. அவ்வளவு பெரிய கூடாரம் முழுவதையும் குளிர வைத்தால் கட்டுப்படியாகாது. ஆள் நிற்கிற, செடி நிற்கிற உயரத்துக்கு மட்டும் குளிர் தருகிறார்கள். சூடு மேலே ஏறி அங்கேயே நிற்கும், அதை வெளியே தள்ளிவிடுகிறார்கள். அதற்கு வேண்டிய சக்தியில் ஒரு பங்கு தீவெங்கும் வெட்டிய மரக்கிளைகளை எரித்து வருகிறது. வெளியே மரம்போலக் கட்டி நிறுத்தியிருக்கும் அந்த ராட்சத மரங்களில் சில அந்தக் கொதிகலனுக்குப் புகைபோக்கி. சாம்பல் உரமாகப் போகிறது. வயலில் தழையுரம் போட்டவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், பூவைவிட இது பிடிக்கும். எங்கள் அப்பா இரண்டு தடவை கேட்டார்: "அப்ப அது மரம் இல்ல, அடுப்பா?"

இரண்டு கூடாரத்துக்கும் டிக்கெட் எடுக்க மனசில்லை என்றால் மேகக் காட்டுக்கு மட்டும் எடுங்கள். நுழைந்ததும் 35 மீட்டர் அருவி. மின்தூக்கியில் மேலே போய் நடந்து இறங்க வேண்டும். முட்டி வலிக்கு ஒரு சால்வை எடுத்துப் போங்கள், குளிரில் பிடித்துக்கொள்ளும். ராட்சத மரங்களுக்குக் கீழே 7.45க்கும் 8.45க்கும் ஒளி, இசைக் காட்சி உண்டு. காசு கிடையாது. எல்லோரும் தரையில் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள். அம்மாவையும் படுக்கச் சொல்லுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

மே 29

மெர்லயனைத் தூக்கி எறிந்ததற்கு நேற்று வரை திட்டு விழுந்துகொண்டிருக்கிறது. சரி, யோசித்துப் பார்த்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

1964இல் சுற்றுலாத் துறைக்காகப் போட்ட சின்னம். சிலையாக நின்றது 1972இல். உயரம் 8.6 மீட்டர். "இவ்வளவுதானா?" என்று எல்லோரும் கேட்பது இதனால்தான். 1997இல் வந்த பாலம் மறைத்ததால் 2002இல் 120 மீட்டர் நகர்த்தினார்கள். நான் ஏளனமாகப் பேசியதன் காரணம், சிங்கத் தலையும் மீன் வாலுமாக யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து செய்த பொம்மைதானே என்பது. எங்கள் அம்மா அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பு. "என்னடா சிரிக்கிற? நம்ம கோயில்ல யாளி இல்லையா, மகரம் இல்லையா? அதையெல்லாம் யாரு காட்டுல பாத்தா?" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

மெர்லயனிலிருந்து ஜூபிலி பாலத்தைத் தாண்டி எஸ்பிளனேட் பூங்காவுக்குள் நடந்தால் இந்திய தேசிய ராணுவ நினைவிடம். மெதுவாக நடக்கலாம், வழியெல்லாம் பெஞ்சு. 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் வைத்தார். திரும்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது இருப்பது 1995இல் வைத்த அடையாளக் கல். பக்கத்தில் தெரியும் பாடாங் திடல்தான் 1943 ஜூலை 5ஆம் தேதி அவர் படையைப் பார்த்துப் பேசிய இடம். அந்தப் படையில் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனையோ பேர். அறுபது தாண்டிய தமிழ்நாட்டுக்காரர் ஒருவரையும் அந்த இடத்திலிருந்து சுலபமாகக் கிளப்பிக்கொண்டு வர முடிந்ததில்லை எனக்கு.

ஜூன் 2, ஞாயிறு

இன்றைக்கு நிறைய எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா நாகப்பட்டினம் பக்கம். வந்த நாலாம் நாள் தெலுக் ஆயர் தெருவுக்குக் கூட்டிப் போனேன். உண்மையைச் சொன்னால் திட்டம் போட்டுப் போகவில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் பத்து மணிக்கே போயிருக்க வேண்டும், நாங்கள் போகும்போது பன்னிரண்டு தாண்டி நடை சாத்திவிட்டார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள். அந்தக் கோயிலை 1827இல் தொடங்கியவர் நாராயணப் பிள்ளை, ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்தவர். கோபுரத்தை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் சூலியா பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு, நிழல் தேடிச் சும்மா நடந்தோம்.

அப்படிப் போனால் ஒரு முனையில் நாகூர் தர்கா! சின்னக் கட்டடம், மூலைகளில் அடுக்கடுக்கான ஸ்தூபிகள், ஊர் தர்காவைப் பொம்மையாகச் செய்து வைத்ததுபோல. அப்பா அப்படியே நின்றுவிட்டார். 1828இலிருந்து 1830க்குள் கட்டியது. கொஞ்சம் தள்ளி சீனர்களின் தியான் ஹாக் கெங் கோயில், கடல் தேவதைக்கு நன்றி சொல்லக் கட்டியது. அதையும் தாண்டினால் அல்அப்ரார் பள்ளி, பழைய பெயர் குச்சுப் பள்ளி. குச்சு என்றால் நம் குச்சுவீடுதான், முதலில் குடிசையாக இருந்ததாம்.

அப்பா தர்கா எதிரே கட்டைச் சுவரில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "கப்பல்ல வந்தவன் கரை ஏறினதும் கும்பிடத்தானே இதைக் கட்டியிருப்பான்? கடல் எங்கடா?"

நான் சுற்றிலும் பார்த்தேன். வங்கிக் கட்டடம், அடுத்து இன்னொரு வங்கிக் கட்டடம். அதில் இரண்டுக்கு நான் ஏர்கான் சர்வீஸ் பண்ணியிருக்கிறேன், மொட்டை மாடி வரை ஏறியிருக்கிறேன். இந்தத் தெருவே ஒரு காலத்தில் கடற்கரை என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. தெலுக் என்றால் மலாயில் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். பெயரிலேயே இருக்கிறது. 1880களில் கடலைத் தூர்த்தார்கள், அதற்குப் பிறகு தூர்த்துக்கொண்டே போனார்கள். நான் வேலை பார்த்த கட்டடமெல்லாம் அப்பா தேடிய கடல்மேல்தான் நிற்கிறது.

"மெரினா பேயில் கடல் இருக்கு, வாங்க" என்று சமாளித்தேன். அதுவும் தப்பு. 2008இல் அணைக்கட்டு கட்டிய பிறகு மெரினா பே நன்னீர்த் தேக்கம். மெர்லயன் கக்குவதும் அந்த நல்ல தண்ணீருக்குள்தான். அப்பாவுக்கு அதைச் சொன்னதும் வந்த சிரிப்பு இருக்கிறதே, "கடலை ஏரியாக்கிட்டானா!" என்று ரயிலில் ஈசூன் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதனால் தம்பி, தெலுக் ஆயரைப் பட்டியலில் முதலில் போடுங்கள். எம்ஆர்டி நிலையமே அந்தப் பெயரில் இருக்கிறது. காலை ஒன்பதுக்குப் போனால் மாரியம்மன் கோயிலையும் நடை சாத்துவதற்குள் பிடித்துவிடலாம்.

ஜூன் 3

ஜெயங்கொண்டம் என்று எழுதியிருந்ததை இன்றைக்குத்தான் கவனித்தேன். பக்கத்து ஸ்ரீபுரந்தான் தெரியுமல்லவா? அந்தக் கோயிலிலிருந்து திருடிய சோழர் காலத்துச் சிலை, உமா பரமேஸ்வரி, இந்த ஊரில்தான் சில வருஷம் இருந்தாள். ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் நியூயார்க் வியாபாரி ஒருவரிடம் ஆறரை லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. களவு வெளியே தெரிந்த பிறகு 2015இல் இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தது. திருட்டுச் சாமி என்று தெரியாமல் நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கும்பிட்டிருக்கிறேன், ஒருவேளை அவளாகவே இருக்கலாம். அரும்பொருளகம் ஆற்றங்கரையில், மெர்லயனிலிருந்து நடக்கிற தூரம். அப்பாவுக்குச் சொல்லுங்கள். அங்கே உங்களுக்கும் அவர்களுக்கும் டிக்கெட் உண்டு, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் இலவசம்.

ஜூன் 5

கேட்ட சில்லறைக் கேள்விகள். சாப்பாடு: தேக்கா மார்க்கெட்டில் எல்லாம் கிடைக்கும். சைவம்தான் என்றால் சிராங்கூன் சாலையில் 1947இலிருந்து இருக்கும் கோமள விலாஸ். டுரியான்: ஜூனில் சீசன் ஆரம்பம், வாங்கினால் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். எம்ஆர்டியில் கொண்டுபோக விட மாட்டார்கள். முஸ்தஃபா கடை: முன்பு இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருந்தது, கோவிட்டுக்குப் பிறகு அப்படி இல்லை, நடுராத்திரி திட்டம் போடாதீர்கள். குடை: இரண்டு.

தேக்காவில் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். கெர்பாவ் என்றாலும் மலாயில் எருமைதான். மாட்டுக் கொட்டகைகள் இருந்த பகுதி. இந்தப் பகுதிக்கே நம் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று பெயர் வைத்திருந்தார்கள், சுண்ணாம்புச் சூளை இருந்ததால். இப்போது எருமையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, வெற்றிலை மட்டும் கிடைக்கும்.

ஜூன் 21

தம்பி எழுதியதைப் படித்தேன். ஆறு நாளில் ஒன்பது இடம், நல்ல கணக்கு. மேகக் காட்டில் அம்மா சால்வையை அப்பாவிடம் கொடுத்துவிட்டாராம். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால் தேக்கா ஈரச்சந்தை. முருங்கைக்காய், கத்தரிக்காய், சின்ன வெங்காயம் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, விலை கேட்டு, சிங்கப்பூர் வெள்ளியை ரூபாயாக்கி, 'ஐயோ' என்று திரும்ப வைத்தபடி ஒன்றரை மணி நேரம். கடைக்காரர் கோபப்படாமல் ஊர் பெயர் கேட்டு, கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை சும்மா கொடுத்திருக்கிறார். இதை என் பட்டியலில் நான் ஒரு வரியில் தாண்டிவிட்டேன்.

அப்பா நாகூர் தர்கா எதிரே உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் முன்பே சொல்லிக்கொடுத்துக் கேட்க வைத்தீர்களா என்று இங்கே சிலருக்குச் சந்தேகம். எனக்கு இல்லை.

ஜூன் 21, இரவு

"கடலை எங்கேதான் பார்ப்பது அண்ணே, நானே இன்னும் பார்க்கவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். மெரினா சவுத் பியர் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு போகிறது. 1874இலிருந்து அங்கே நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. கப்பலில் டெக்கில் வந்தவர்களை ஊருக்குள் விடுவதற்கு முன் அங்கேதான் இறக்கி வைப்பார்கள். எங்கள் தாத்தா யுத்தத்துக்கு முன்னால் வந்தவர். முதல் சில நாள் தீவில் கஞ்சி குடித்துக்கொண்டு விளக்கெரியும் சிங்கப்பூரைப் பார்த்தபடி கிடந்ததாகச் சொல்வார். பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.

வருகிற ஞாயிறு எனக்கு ஓய்வு நாள். வருகிறவர்கள் சொல்லுங்கள். தீவில் கடை எதுவும் கிடையாது, தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில் கட்டிக்கொள்ள வேண்டும், கடைசிப் படகை விட்டால் தாத்தா கதிதான். எலுமிச்சைச் சாதம் நான் கொண்டுவருகிறேன். ஊறுகாய் தம்பி கொண்டுவரட்டும், அம்மா எப்படியும் ஒரு பாட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார்.